வடக்குக் குழாயில் வந்த தலைப்பேன்

நாள் 212, காலை 7.10
செவ்வாய், நிலத்தடி ஆய்வகம். எழுதுபவள் உமையாள், பேன் ஆய்வாளர். மனிதப் பேன் மூன்று: தலைப்பேன், துணிப்பேன், அந்தரங்க முடியில் வாழும் நண்டுப்பேன். மனித ரத்தம் தவிர வேறு சோறு கிடையாது. எனக்கு மொட்டைத் தலை. தலைப்பேன் வளர்ப்பு என் உதவியாளர் ஸ்டெல்லா தலையில். சுரங்கம் சரிந்து, வடக்கு அறையோடு அவள் அடைபட்டு ஆறு நாள். இன்றும் இரண்டு சாப்பாட்டுத் தட்டு எடுத்து வைத்துவிட்டேன். சனியன் பிடித்த கை.

பகல் 1.30
தலைமையகம்: "உமையாள், ஸ்டெல்லா போய்ட்டாம்மா. அந்தப் பக்கக் காற்றுக் குழாயை மூடிடு. மீட்புக் கப்பல் வர்ற வரைக்கும் உனக்கே காற்று பத்தாது."
மாலைக்குள் மூடுகிறேன் என்றேன். அழுதேன்.

மாலை 5.05
மூடும் முன் வடிகட்டியைத் துடைத்தேன். அவள் பக்கமிருந்து காற்றில் வந்த நீள முடி. அதைக் கவ்வியபடி ஒரு பேன். எடுத்த கை எடுத்தபடியே இரு கட்டைவிரல் நகத்துக்கு நடுவே வைத்து நசுக்கிவிட்டது. வாயும் "ஸ்ஸ்" என்றது. எவ்வளவு படித்தும் ஊர்ப் பழக்கம் போகவில்லை.
நகத்தில் சிவப்பு. புது ரத்தம்!
துணிப்பேன் என்றால் ஒரு வாரம்கூடப் பட்டினி கிடக்கும். முடியைக் கவ்வி வந்தது தலைப்பேன். ஆளை விட்டால் இரண்டு நாள் தாங்காது. அடியே ஸ்டெல்லா, உயிரோடதான் இருக்கியா!

மாலை 6.20
தலைமையகம்: "அந்தப் பேனைப் படம் எடுத்து அனுப்பு."
"நசுக்கிட்டேன் சார்."
தலைமையகம்: "குழாயை மூடு. இது உத்தரவு."
மூடமாட்டேன். போங்கய்யா. கடப்பாரை எடுத்துவிட்டேன்.

நாள் 214, பகல்
தோண்டுகிறேன். உள்ளங்கை கிழிந்துவிட்டது, மூச்சு வாங்குகிறது. குழாயில் தட்டினேன். அந்தப் பக்கமிருந்து பதில் தட்டு! பிறகு மெல்லிய குரல்: "அக்கா... தலை அரிக்குது. வந்து பாரேன்."
வரேன்டி. இதோ வரேன்.

நாள் 215
தட்டினேன். பதில் இல்லை.
வடிகட்டியில் பேன். முடி இல்லாமல், தானாக ஊர்ந்து வந்தவை. பின்னால் இன்னும் வருகின்றன.
பாடமாக நடத்தியிருக்கிறேன். தலையில் சூடு ஆறினால் பேன் இறங்கிவிடும்.
நசுக்க மனம் வரவில்லை. இன்னும் அவள் ரத்தம்தான் அவற்றின் வயிற்றில். எனக்குக் கொஞ்சம் முடி முளைத்திருக்கிறது. தலையைச் சாய்த்துக் கொடுத்தேன்.

நாள் தெரியவில்லை
அரிக்கிறது. பார்த்துவிட ஆளில்லை. காற்று குறைகிறது.
இதைக் கண்டெடுப்பவருக்கு: பேன் என் தலையில் இருந்தால் என்னை எழுப்புங்கள். இறங்கி வந்துகொண்டிருந்தால்