டிவியோடு அணைந்த கேமரா

திருக்காட்டுப்பள்ளி
ஆனி 20

அன்பு மகள் பூவிழிக்கு அம்மா வேம்பு எழுதுவது. முட்டிவலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் மாப்பிள்ளை பகலவனும் அந்த ஊர்க் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று நம் மாரியம்மனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ பாதியிலேயே மடக்கிவிடுவாய், உன் குரல் உடைந்தால் நானும் சொல்ல வந்ததை விழுங்கிவிடுவேன், அதனால்தான்.

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, நம் மூன்று மா நிலத்திலும் நடவு முடிந்து நாற்று பச்சை பிடித்திருக்கிறது. நீ ஆர்டர் போட்டு அனுப்பிய பவர் போர்டைப் போன வியாழக்கிழமை நானே மாட்டினேன். "ரிமோட்டுல அணைச்சா அது தூங்குறதில்லம்மா, முழிச்சுக்கிட்டே கரண்ட குடிக்குது, இந்த போர்டுல டிவிய அணைச்சா மத்ததெல்லாம் தானா அணைஞ்சிரும்" என்று நீ சொன்னது எனக்குப் பிடித்துப்போயிருந்தது. ஆனால் வைஃபை பெட்டியையும், அங்கிருந்து என்னைப் பார்க்க நீ ஹாலில் மாட்டிய கேமராவையும் மட்டும் எப்போதும் கரண்ட் இருக்கும் தனித் துளையில் போடச் சொன்னாயே, அதை மறந்து செட்டாப் பாக்ஸ், ஸ்பீக்கர், வைஃபை பெட்டி, கேமரா என்று எல்லாவற்றையும் ஒரே வரிசையில் குத்திவிட்டேன். பொழுது சாயும் நேரம் டிவியை அணைத்தேன். சிவப்பு, பச்சை, நீலம் என்று மினுக்கிக்கொண்டிருந்த புள்ளிகள் எல்லாம் ஒன்றாகப் போய்விட்டன. வீட்டில் இத்தனை நாள் ஒரு இரைச்சல் இருந்தது என்பதே அது நின்ற பிறகுதான் தெரிந்தது. கொல்லைப் பக்கம் வாய்க்கால் ஓடும் சத்தம் ஹாலுக்குள் வந்தது. ஜன்னல் வழியாக மஞ்சள் வெயில் தரையில் கிடந்தது, பிறகு சுவரில் ஏறியது, பிறகு எங்கே போனது என்று தெரியவில்லை. நான் புடவையைத் தளர்த்திக்கொண்டு, கொண்டையை அவிழ்த்துவிட்டு வெறுந்தரையில் மல்லாந்து படுத்தேன். தண்ணீர் எனக்குக் கீழேதான் ஓடுகிறது, வீட்டையும் என்னையும் மெல்ல எங்கோ கொண்டுபோகிறது என்பது போல இருந்தது. அப்பா வயலிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டு நிற்கிறார் என்றே நினைத்துக்கொண்டேன். நினைத்ததும் அழுகை வந்தது, அடக்கவில்லை.

அதற்குள் நீ அங்கே தவித்துப்போய்விட்டாய். என் போனும் அந்த வைஃபையில்தானே ஓடுகிறது, நீ கூப்பிட்டது ஒன்றும் எனக்கு வரவில்லை. பக்கத்து வீட்டு மெஹராஜ் பேகம் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்து கதவைத் தட்டினாள், "வேம்புக்கா கதவத் தொறங்க, ஒங்க மவ அங்கேர்ந்து அழுவுது" என்றாள். கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு உன்னிடம் போனில், "அக்கா நல்லாருக்காங்கம்மா, அசந்து தூங்கிட்டாங்க" என்று சொன்னாள். அது பொய். நான் தூங்கவில்லை, அழுதுகொண்டிருந்தேன்.

தை மாதம் நீ வந்து கேமராவை மாட்டியதிலிருந்து அந்த வியாழக்கிழமை வரை நான் ஹாலில் அழுததே இல்லை. ஒருநாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தேன், அடுத்த நிமிஷம் நீ அங்கிருந்து கூப்பிட்டு "ஏம்மா அழுவுற" என்று நீயே அழுதாய். அன்றிலிருந்து பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுத்தான். நீ பார்ப்பாயே என்று கஞ்சி போட்ட புடவையாகக் கட்டிக்கொண்டு, சிரித்த முகமாக நடமாடுகிறேன். உன் டிவி மாதிரிதான், அணைத்தாலும் முழித்துக்கொண்டே இருக்கிறேன். அதனால் பிளக்கை மாற்றிக் குத்தச் சொல்லி நீ நாலு தடவை சொல்லியும் நான் மாற்றவில்லை, மாற்றப்போவதும் இல்லை. பொழுது சாய்கிற ஒரு மணி நேரம் டிவி அணைந்திருக்கும், கேமராவும் அணைந்திருக்கும். விளக்கேற்றிய பிறகு போடுகிறேன், அப்போது பார்த்துக்கொள். பேகத்தை ஓடவிடாதே, பாவம் அவளுக்கும் வயசாகிறது.

உன் பயம் எனக்குத் தெரியாததில்லை. அப்பா போன அன்று நீ இங்கே இல்லை, யாராவது கவனித்திருந்தால் பிழைத்திருப்பார் என்று இரண்டு வருஷமாக உன்னையே நொந்துகொண்டிருக்கிறாய். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர் நாற்காலியில் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார், நான் ஆய்ந்த கீரையை மடியில் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தேன். கண்ணை எடுக்கவே இல்லை கண்ணு. அப்படியும் போய்விட்டார். நீ இருந்திருந்தாலும் அப்படித்தான் போயிருப்பார்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும். இதோடு மஞ்சள் கயிறு வைத்திருக்கிறேன், பதினெட்டாம் பெருக்கன்று காலையில் மறக்காமல் மாற்றிக் கட்டிக்கொள்.

உன்னை நினைத்தபடி,
அம்மா
உ. வேம்பு