ஐந்தாவது வரி

மார்ச் 4, செவ்வாய்

எறும்பு இன்று நானூற்றுப் பதினெட்டு வரி எழுதி அனுப்பியிருக்கிறார். அலுவலகத்தில் அவருக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. தலை நிமிராமல் நாள் முழுக்க எதையாவது சேர்த்துக்கொண்டே இருப்பார். இது குளிர் அறையைக் கண்காணிக்கும் எங்கள் புதுப் பெட்டிக்கான டிரைவர் ப்ரோக்ராம். பெட்டியை ஆன் செய்ததும் அதிலேயே பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் மென்பொருள் ஓர் அட்டவணையை நீட்டும்: எத்தனை சென்சார், எது எந்த மூலையில், எத்தனை டிகிரி தாண்டினால் மணி அடிக்க வேண்டும். அதைப் படித்து, இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குச் சொல்வதுதான் டிரைவரின் வேலை.

பழைய பெட்டியின் அட்டவணையும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். இரண்டு பத்தி கூடுதல், அவ்வளவே. அதைப் படிக்கும் ப்ரோக்ராம், எங்கள் பேச்சில் கோடு, ஏற்கெனவே இருக்கிறது. ஒன்பது வருடத்துக்கு முன் நான் எழுதியது. "இருப்பதைப் பொதுவாக்கி, இரண்டு டிரைவரும் அதையே பயன்படுத்தட்டும். ஒரே சோற்றை எதற்கு இரண்டு அடுப்பில் வைக்க வேண்டும்?" என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினேன். கொஞ்சம் பெருமையாகத்தான் எழுதினேன்.

மதியம் அவர் என் மேசைக்குச் சாப்பிட வரவில்லை.

மார்ச் 6, வியாழன்

சரி, நானே செய்துவிடுகிறேன். பழைய கோடைத் தனியாகப் பிரித்தாயிற்று. நாளை புதுப் பெட்டியில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

மார்ச் 7, வெள்ளி

புதுப் பெட்டியில் சென்சார் ஐந்து. எறும்பு எழுதியது ஐந்தையும் படிக்கிறது. என்னுடையது நான்கைத்தான் படிக்கிறது.

முதலில் சிரிப்புதான் வந்தது. ஏதோ சில்லறைத் தப்பு, பிரிக்கும்போது கை தவறியிருக்கும் என்று நினைத்தேன். பிரிப்பதற்கு முந்தைய பழைய கோடை அப்படியே ஓட்டினேன். அதுவும் நான்கு.

அட்டவணையின் நீளத்தில் தலைப்பு வரியும் சேர்ந்திருக்கிறது என்று நினைத்து அதைக் கழித்திருக்கிறேன். ஃபர்ம்வேர் ஏற்கெனவே கழித்துவிட்டுத்தான் கொடுக்கிறது. ஒரே வரியை இரண்டு முறை கழித்தால் கடைசி வரி விழுந்துவிடும். நான்கு சென்சார் பெட்டிகளில் கடைசி வரி காலி, அதனால் விழுந்தது யாருக்கும் தெரியவில்லை. ஐந்து சென்சார் வைத்த பழைய பெட்டி ஒன்றே ஒன்றுதான்.

அந்த ஒன்று.

பரிசோதனை அறையில் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். எறும்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

மார்ச் 8, சனி

இல்லை. மறுபடி மூன்று தடவை ஓட்டிவிட்டேன். நான்குதான்.

மார்ச் 9, ஞாயிறு

எழுதினாலாவது மனசு அடங்குமா பார்க்கிறேன்.

அந்த ஐந்து சென்சார் பெட்டி ஒரு மருந்துக் கிடங்கின் குளிர் அறைக்குப் போனது. பொருத்தியவர் அத்தான் - அக்காவின் கணவர். எங்கள் நிறுவனத்தில் அவரைச் சேர்த்துவிட்டதே நான்தான். மூன்றாம் மாதம் பின்மூலையில் குளிர் குறைந்து, மணி அடிக்காமல், ஓர் அறை மருந்து முழுதும் வீணானது. நல்லவேளை, ஊசியில் ஏறுவதற்கு முன்பே பார்த்துவிட்டார்கள். ஐந்தாவது சென்சாரிலிருந்து ஒரு தகவலும் வந்ததில்லை என்று பதிவேடு காட்டியது. வயர் சரியாக முறுக்கவில்லை என்று முடிவு கட்டினார்கள். அதற்குள் பெட்டியைக் கழற்றிவிட்டிருந்தார்கள், வயரைப் பார்க்க வழியில்லை.

விசாரணையில் என்னையும் கேட்டார்கள். ப்ரோக்ராம் சரியா என்று. சரி என்றேன். எவ்வளவு நேரம் பார்த்தேன்? பத்து நிமிஷம் இருக்குமா? மற்ற நூறு பெட்டியும் ஓடுதே, அப்புறம் என்ன பார்க்கணும்னு நெனச்சேன். அதான் நெனச்சேன்.

அத்தானை அனுப்பிவிட்டார்கள். அந்த மாடலையும் நிறுத்திவிட்டார்கள். அதோடு என் தப்பும் மூடிக்கொண்டது. அவர் இப்போது வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். ஒன்பது வருஷமா குடும்பத்துல எந்தப் பேச்சு வந்தாலும் "அவர் கைல குடுத்தா அவ்ளோதான்" என்று யாராவது சொல்வார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

நானும் சொல்லியிருக்கேனே. எத்தனை தடவை!

மார்ச் 10, திங்கள்

மேலாளரிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார். அந்த மாடலே இப்போது இல்லையே, தப்பைத் திருத்திவிட்டு மேலே போக வேண்டியதுதானே என்றார். அந்த மாடல் இல்லை, ஆனால் பழி இருக்கிறது என்றேன். "அவரே மறந்திருப்பாரு. நீங்க எதுக்கு வேலியில போறத எடுத்து மேல விட்டுக்கறீங்க?" என்றார் தணிந்த குரலில். கெட்ட மனிதர் இல்லை. என் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. தலையாட்டிவிட்டு வந்திருப்பேன், இன்னும் இரண்டு நிமிஷம் உட்கார்ந்திருந்தால்.

விசாரணை அறிக்கையின் நகலை ஆவண அறையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 12, புதன்

அரை நாள் விடுப்பு. அத்தான் கடைக்குப் போனேன். ஒரு மெஷினின் முதுகைத் திறந்து வைத்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். டீ சொல்லட்டுமா என்றார். வேண்டாம் என்றுவிட்டு ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். கழித்தது, விழுந்தது, நான் சரி என்று சொன்னது, எல்லாவற்றையும்.

திட்டுவார் என்று நினைத்தேன். எழுந்து வெளியே போய்விடுவார் என்றுகூட நினைத்தேன். அவரோ எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்தார்.

"இல்லம்மா, நீ போட்டு மனசக் கொழப்பிக்காத. அது நான்தான். பின்மூலைக்கு ஏணி எட்டல. ஸ்க்ரூவ ஒரு சுத்து கம்மியா விட்டுட்டு எறங்கிட்டேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

பையிலிருந்த அறிக்கையை எடுத்தேன். நான்காம் பக்கம், அவருடைய வாக்குமூலம். வாசித்துக் காட்டினேன்: "ஐந்தாவது சென்சாருக்கு உயரமான ஏணி வரவழைத்தேன். முறுக்கிய பிறகு இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். வயர் அசையவில்லை. ப்ரோக்ராமையும் ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்."

கீழே அவர் கையெழுத்து.

காகிதத்தை வாங்கி அவரே படித்தார். விரலில் இருந்த கிரீஸ் ஓரத்தில் ஒட்டியது. கையெழுத்தைத் தடவிப் பார்த்தார். தெருவில் யாரோ ஷட்டரை இழுத்த சத்தம் கேட்டது. என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அப்போ அந்த ஸ்க்ரூ எனக்கு எப்படி ஞாபகம் இருக்கு?"

எல்லோருமாகச் சேர்ந்து சொல்லிச் சொல்லி, நடக்காத ஒன்றை அந்த மனுஷன் தலைக்குள்ளேயே ஏற்றிவிட்டோம். ஏணியையே மாற்றிவிட்டோம்.

மார்ச் 13, வியாழன்

அக்கா போன் செய்தாள். எப்போதும் போல 'பாப்பு' என்று ஆரம்பிக்கவில்லை. அத்தான் நேற்று சாப்பிடவில்லையாம், அறிக்கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாராம். நான் மன்னிப்பு என்று ஆரம்பித்ததும் நிறுத்தச் சொன்னாள்.

"வீட்டுல அவரு ஒரு பல்பு மாட்டினாக்கூட, பின்னாடியே போய் நான் ஒருதரம் திருகிப் பாப்பேன்டி. அவரு கண்ணு முன்னாடியே. ஒன்பது வருஷமா." மூச்சு வாங்கினாள். "உன்ன மட்டும் திட்ட முடிஞ்சா நல்லா இருக்கும். கொஞ்ச நாளைக்கு எனக்குப் போன் பண்ணாத."

வைத்துவிட்டாள்.

மார்ச் 19, புதன்

பொதுக் கோடு முடிந்தது. தப்பு திருத்தியாயிற்று. கோடைச் சேர்க்கும்போது என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று மேலே ஒரு குறிப்பு எழுத வேண்டும். "நீளக் கணக்கு திருத்தப்பட்டது" என்று மூன்று சொல்லில் முடித்திருக்கலாம். நான் முழுதும் எழுதினேன் - எந்தப் பெட்டி, எந்தக் கிடங்கு, எந்த விசாரணை, பொருத்தியவர் மேல் தவறில்லை, நிரலை எழுதியதும் சரி என்று சொன்னதும் நான். அந்தக் குறிப்பை நிறுவனம் முழுக்கப் பார்க்கும். அழிக்கவும் முடியாது.

அனுப்பும் முன் எறும்பிடம் காட்டினேன். அவருடைய நானூறு வரியைத் திருப்பி அனுப்பியதற்கும் வருத்தம் சொன்னேன். என்னுடையதைவிட அதுதானே சரியாக இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டும் தனித்தனியா கெடந்திருந்தா உங்களுது தப்புன்னு எப்பவுமே தெரிஞ்சிருக்காது" என்றார்.

பொத்தானை அழுத்தினேன்.

மார்ச் 20, வியாழன்

மேலாளர் பேசவில்லை. தரப்பிரிவுத் தலைவி கூப்பிட்டு அனுப்பினார்.

ஏப்ரல் 3, வியாழன்

பழைய விசாரணையைத் திறந்துவிட்டார்கள். இன்று என் முறை. மூன்று பேர் எதிரே. அன்று எத்தனை நிமிடம் பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். பத்து என்றேன். அவ்வளவுதானா என்று ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

இனி நான் யாருடைய கோடையும் தனியாக ஒப்புக்கொள்ள முடியாது, எறும்பும் சேர்ந்து பார்க்க வேண்டும். வேலை போகவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், பசிதான் வந்தது.

ஏப்ரல் 22, செவ்வாய்

தவறு அவருடையதல்ல என்று நிறுவனத்தின் கடிதம் அத்தானுக்குப் போய்விட்டதாம். திரும்ப வேலைக்கும் அழைத்தார்களாம். கடை போதும் என்றுவிட்டாராம். இதெல்லாம் எறும்பு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அக்காவிடமிருந்து ஒன்றும் இல்லை.

மே 6, செவ்வாய்

பெரியப்பா மகள் போன் செய்தாள். அக்கா அந்தக் கடிதத்தைப் பதினேழு நகல் எடுத்து, சொந்தத்தில் ஒரு வீடு விடாமல் தபாலில் அனுப்புகிறாளாம். கல்யாணப் பத்திரிகைக்குப் போடுவதுபோலப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாக டிக் அடித்தாளாம். "படிச்சாச்சுன்னு ஒரு வார்த்தை எழுதி அனுப்பணுமாம்" என்று மலைத்துப்போய்ச் சொன்னாள்.

மதியம் எனக்கும் வந்தது. பஸ்ஸில் இருபது நிமிடத் தூரத்தில் இருப்பவள், பதிவுத் தபாலில். உள்ளே நகல் மட்டும்தான். வேறு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. மற்ற பதினாறு பேருக்கும் போனது போலவே எனக்கும்.

ஆனால் தபால்காரர் உறையை உடனே கொடுத்துவிடவில்லை. முகவரியை இரண்டு முறை படித்து, என்னையும் வாசலில் கிடந்த செருப்பையும் பார்த்துவிட்டுக் கேட்டார். "இங்க பாப்புன்னு கொழந்த யாராவது இருக்காங்களா?"

எனக்கு நாற்பத்திமூன்று வயது.

"நான்தான்" என்றேன். கையெழுத்துப் போடச் சொன்னார்.