மூன்று ஏக்கருக்கு நடுவில் ஒரு வீடு

முத்தையன்கட்டு
14.9.1979

அன்புள்ள மகன் தில்லைநாதனுக்கு, சித்தப்பா அப்புத்துரை எழுதுவது. நாங்கள் வயலும் மாடுமாகச் சுகம், உனக்கும் மருமகள் கமலாசனிக்கும் வற்றாப்பளை அம்மன் துணையிருப்பா.

நீ ஹூஸ்டன் பட்டினத்தில் தெருக்களுக்குப் படம் கீறுகிற கந்தோரில் வேலை என்று தண்ணீரூற்றுச் சந்தைவரை சொல்லிவிட்டேன், அந்த நாட்டுப் பெருந்தெருவெல்லாம் உன் கைக்கோடுதான் என்றும் கொஞ்சம் சேர்த்துவிட்டேன். இப்போது பட்டினத்து விளிம்பில் பெரிய வளவோடு வீடு வாங்கப் போவதாகவும், அங்கே நடக்கத் தெருவோரம் இல்லை, பாண் வாங்கவும் கார்தான் வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். கமலாசனிக்குக் கார் ஓட்டத் தெரியாதே. அந்த வீடு வேண்டாம் மகன். நான் எட்டாம் வகுப்புத்தான், ஆனாலும் இந்தக் குடியேற்றத் திட்டத்துக்குக் காணி அளந்த எஞ்சினியர் என்னைக் கேட்டுத்தான் முளை அடித்தவர். ஆளுக்கு மூன்று ஏக்கர், நான் ஒருவர் கண்ணும் படாமல் நட்டநடுவில் வீடு கட்டினேன், கவர்னர் மாளிகையும் அப்படித்தானாம். முந்தி நாங்கள் இருந்த சாவகச்சேரியில் வேலிக்கு வேலி ஆள் நுழையப் பொட்டு விட்டிருந்தோம், இங்கே காணி பெரிதான பெருமையில் ஒருவரும் விடவில்லை. பொழுதுபட்டால் வேறு குரல் இல்லை. வானொலியில் செய்தி வாசிப்பவருக்கு நான் மறுமொழி சொல்லுவேன், இதுவரை அவர் என்னை வென்றதில்லை.

போன மாதம் நான் முல்லைத்தீவுக்குப் போன நேரம் சின்னம்மா கிணற்றடியில் வழுக்கிக் கால் முறிந்து கிடந்தா, பகல் முழுக்கக் கூப்பிட்டிருக்கிறா. பக்கத்துக் காணி ஆண்டியப்பன் வீடும் அவன் காணிக்கு நடுவில். கடைசி பஸ்ஸில் வந்து நான்தான் தூக்கினேன், நோகுதோ என்று கேட்டேன். நோவுக்கு அழேல்லையப்பா, ஒருத்தருக்கும் கேக்கேல்லை எண்டுதான் என்றா. மலைநாட்டிலிருந்து வந்த ஆண்டியப்பன் கேள்விப்பட்டு, அண்ணே, எங்க தேயிலைத் தோட்டத்து லயத்துல இருமினா பத்து வீட்டுக்குக் கேக்கும், இங்க செத்தாலும் கேக்காது போலிருக்கே என்று கத்தியோடு வந்து வேலியை வெட்டினான். நானும் என் பக்கத்தால் வெட்டினேன், அவன் ஒரு வெட்டுக்கு நான் இரண்டு. இப்போது அவன் மனைவி ஞானேஸ்வரி அந்தப் பொட்டால் கஞ்சி கொண்டு வருகிறா. வாய்க்கால் நீளத்துக்கும் வேலிகளில் பொட்டு வெட்டுவது என் திட்டப்படிதான் நடக்கிறது, இதுவரை இரண்டு வீட்டார்.

நீயும் படம் கீறும்போது வீட்டுக்கும் கடைக்கும் இடையில் ஓர் ஒற்றையடிப் பாதையும் நிழலுக்கு மரமும் போடு, துரைமார் கேட்டால் அப்புத்துரை சொன்னவர் என்று சொல்லு. அந்த வீட்டை வாங்குமுன் ஒரு பகல் காரில்லாமல் அங்கே தனிய இருந்து பார், யாராவது ஒருவர் என்ன தம்பி என்று கேட்டால் வாங்கு.

இருவருக்கும் எங்கள் ஆசீர்வாதம். மறுமொழியைச் சின்னம்மா பெயருக்கே போடு, தபால்காரர் வாசல் படலையோடு திரும்பாமல் அவவின் கையில் கொண்டுவந்து கொடுப்பார், அவவுக்கு ஓர் ஆளைக் கண்ட மாதிரி இருக்கும்.

இப்படிக்கு
சித்தப்பா
வீ. அப்புத்துரை