மணிப்பெட்டியின் கடைசி வரி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன் என்றுதான் தொடங்க வேண்டும், உடம்பைப் பொறுத்தவரை அது பொய்யும் இல்லை, படி ஏறும்போது மட்டும் முழங்கால் முணுமுணுக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தை வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனாள், போகிற போக்கில் சமையலறை டப்பாக்களை எல்லாம் இடம் மாற்றி வைத்துவிட்டாள், உப்பைத் தேடி நான் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ லேசாக மூக்கை உறிஞ்சினாலே நான் மழை வெயில் என்று பேச்சை மாற்றிவிடுவேன். இதை மாற்றாமல் சொல்லி முடிக்க வேண்டும், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எட்டு மாதம் முன்பு அம்மா போன அன்று நீ முதலில் கேட்டது, தூக்கத்துலயே போயிட்டாங்களாப்பா என்பதுதான். ஆமாம்மா என்றேன். அது பொய் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தெரிந்து சொன்னதும் இல்லை. நான் அப்போது அவள் பக்கத்தில் இல்லை. மத்தியானம் மூன்று மணி இருக்கும், நம் கட்டட லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது, உள்ளே நாலாவது மாடி டீச்சரும் அவள் கைக்குழந்தையும். வாட்ச்மேன் மூச்சிரைக்க ஓடிவந்து, கம்பெனி ஆளு வர ரெண்டு மணி நேரம் ஆகுமாம், நீங்க வந்தா பத்து நிமிஷ வேலை சார் என்றார். முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன், எப்படி மாட்டேன் என்பது. நான் தயங்கியபோது அம்மாதான் விரட்டினாள், உள்ள பச்சைக்குழந்தை இருக்கு, போய்ட்டு வாங்க, நான் எங்க ஓடிப்போறேன் என்றாள். மொட்டைமாடி மிஷின் அறைக்குப் போய் பிரேக்கை விடுவித்து, கையால் சக்கரத்தைச் சுற்றி லிஃப்டை இறக்க முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாலு மணிக்குத் திரும்பி வந்தேன். போய்விட்டிருந்தாள். அவள் கையில் மணிப்பெட்டி இருந்தது. யார் கண்ணிலும் படுவதற்கு முன் அதை எடுத்து என் சட்டை அலமாரியில் ஒளித்து வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்தப் பெட்டியைப் பற்றி உனக்குத் தெரியும். நீ அனுப்பிய இரண்டு சின்ன எலக்ட்ரானிக் போர்டுகளில் ஒன்றை வைத்துப் படுக்கையில் கிடந்தபடியே அவள் செய்தது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருபது வருஷம் பிள்ளைகளுக்குக் கம்பி மாட்டிக்கொடுத்த கை சும்மா இருக்குமா. பொத்தானை அழுத்தினால் கூடத்தில் மணி அடிக்கும், நான் போவேன். மூன்று விநாடி விடாமல் அழுத்தினால் மணி அடங்கும், வேண்டாம் உங்க வேலையப் பாருங்க என்று அர்த்தம். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. ஒவ்வொரு அழுத்தலையும் நேரத்தோடு அது தனக்குள் குறித்து வைத்துக்கொண்டே வந்திருக்கிறது. அவள் போனபிறகு அவளுடைய நோட்டை நான் புரட்டும்போதுதான் எனக்கே தெரிந்தது. வா என்றால் ஒன்று, வேண்டாம் என்றால் சைபர். அதைக் கணினியில் பார்க்க சீரியல் போர்ட், அதாவது கணினியோடு பேசக் கம்பி செருகும் வாய், ஒன்று வைக்க வேண்டும் என்று எழுதி, கீழே, பாப்பா லீவுக்கு வந்ததும் சேர்ந்து செய்யணும், அவங்க அப்பா கை வைக்க வேண்டாம் என்று கோடு போட்டிருந்தாள். சிரிப்பு வந்தது. பிறகு வேறு வந்தது. அன்று மத்தியானம் அவள் என்னைக் கூப்பிட்டாளா இல்லையா என்பது அந்தப் பெட்டிக்கு மட்டும்தான் தெரியும் என்று ஆனபிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்னைக் கேட்டிருக்கலாம். கேட்டால் எதற்கு என்று நீ கேட்பாய், அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அவள் சொன்னதைக் கேட்காமல் கை வைத்தேன், அதற்கான பலனும் கிடைத்தது. நல்ல வேளை, இரண்டாவது போர்டில்தான் முதலில் பழகினேன். லிஃப்டில் எந்தக் கம்பியைத் தொடுமுன்னும் இருபத்து நாலு வோல்ட் பேட்டரி கட்டிய சோதனை விளக்கை வைத்துப் பார்ப்பது எங்கள் பழக்கம், எங்களுக்கு அதுதான் ஆபத்தில்லாத சின்ன கரண்ட். அந்தப் பழக்கத்தில் போர்டின் ஒரு கம்பிக்காலில் விளக்கை வைத்துவிட்டேன். மூன்று வோல்ட்டில் உயிர் வாழ்கிற ஜீவன் அது, தீய்ந்த வாடை வந்தது, அவ்வளவுதான். அம்மாவுடையதை முதலில் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும். அதன்பிறகு நோட்டை எழுத்துக்கூட்டிப் படித்தேன். கணினியின் போர்ட் பன்னிரண்டு வோல்ட் வரை மேலும் கீழும் ஆடுமாம், நேராகக் கொடுத்தால் போர்டு காலி, நடுவில் இரண்டு பேருக்கும் சமரசம் செய்து வைக்க ஒரு சிப் வேண்டும் என்று படம் போட்டு வைத்திருந்தாள். சிப்பை அவளே வாங்கி டப்பியில் போட்டும் வைத்திருந்தாள். ஜெராக்ஸ் கடைக்காரர் மூலையில் கிடந்த பழைய கணினியைக் கொடுத்தார், பின்னால் ஒன்பது ஊசி போர்ட் இருந்தது. கை நடுங்காத காலை நேரமாகப் பார்த்து ஈயம் வைத்துப் பற்றவைத்தேன், மூன்றே கம்பி, அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக ஒன்று.

நாலு நாள் திரை வெறுமையாகவே கிடந்தது. மண்டையை உடைத்துக்கொண்டேன். லிஃப்ட் கேபிளில் நாலாம் நம்பர் கம்பி நாலாம் நம்பருக்குத்தான் போகும், மாற்றினால் வேலை போய்விடும். அந்தப் புத்தியில் அனுப்புவதை அனுப்புவதோடும் வாங்குவதை வாங்குவதோடும் கட்டியிருக்கிறேன். ஒருத்தர் வாய் இன்னொருத்தர் காதுக்குப் போக வேண்டும், நான் வாயை வாயோடு கட்டிவிட்டு பதில் வரவில்லையே என்று உட்கார்ந்திருந்தேன். அம்மா இருந்திருந்தால் இதை வைத்தே என்னை ஒரு வருஷம் ஓட்டியிருப்பாள். மாற்றிக் கட்டினேன், முதலில் கிறுக்கலாக வந்தது, இரண்டும் பேசும் வேகத்தைச் சரிசெய்ததும் வரிசையாக இறங்க ஆரம்பித்தது. தேதி, மணி, ஒன்று. தேதி, மணி, சைபர். நானூற்றுச் சொச்சம் வரி. எத்தனை சைபர் தெரியுமா அதில். கூப்பிட்டுவிட்டு அடுத்த நிமிஷமே வேண்டாம் என்றிருக்கிறாள், நான் பாதி வழி வந்து திரும்பிப் போயிருக்கிறேன், சரி தண்ணீரைத் தானே எடுத்துக்கொண்டாள் போல என்று நினைத்து. அப்போதெல்லாம் அது எனக்குப் பெரிதாகப் படவே இல்லை.

கடைசி நாளைச் சொல்கிறேன், உட்கார்ந்து படி. மூன்று இருபத்திரண்டுக்கு ஒன்று. உடனே இன்னொரு ஒன்று. மூன்று முப்பத்தொன்றுக்கு ஒன்று. கூடத்தில் மணி அடித்திருக்கும், நான் மொட்டைமாடியில் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தேன். மூன்று முப்பத்து நாலுக்குக் கடைசி வரி. சைபர். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

வலி நின்றுபோய் வேண்டாம் என்றாளா, நான் எங்கே இருக்கிறேன் என்று நினைவு வந்து, வந்து பார்த்தால் மனுஷன் பதறுவாரே என்று வேண்டாம் என்றாளா, அது எந்தப் பெட்டியிலும் இல்லை. யாரையும் கூப்பிடாமல் தூக்கத்திலேயே போகவில்லை, அது மட்டும்தான் நிச்சயம். உன்னிடம் ஆமாம் என்று சொன்னதற்கு என்னை மன்னித்துவிடு. டீச்சரின் குழந்தை இப்போது நடக்கிறது, என்னைப் பார்த்தால் கையை நீட்டுகிறது, நானும் தூக்கத்தான் செய்கிறேன், அதன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் ஒன்று மட்டும் மனசை அறுக்கிறது. கடைசி நாட்களில் டம்ளரைத் தூக்கக்கூட அவளுக்குப் பலம் இல்லாமல் இருந்தது. பொத்தானை மூன்று விநாடி விடாமல் அழுத்தினால்தான் சைபர் விழும். நானும் அழுத்திப் பார்த்தேன், மூன்று விநாடி ரொம்ப நேரம்.

பெட்டியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், நீ வந்தால் உனக்கு. வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் முகம் கொடுத்துப் பேசு, உங்கள் இருவருக்கும் எந்தக் குறையும் வராமல் இருக்க என் மனம் நிறைந்த ஆசிகள். மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. போன வாரம் நீ கூப்பிட்டாய், நான் ஓடிவந்து எடுப்பதற்குள் வைத்துவிட்டாய். நான் திரும்பக் கூப்பிட்டபோது, ஒண்ணுமில்லப்பா, சும்மாதான், நீங்க உங்க வேலையப் பாருங்க என்றாய். எனக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை. இனிமேல் கூப்பிட்டால் நான் எடுக்கும்வரை வைக்காதே.

உன்,
அப்பா