நான் போகாத சனிக்கிழமை

இன்று மெல்பேர்னின் டண்டினொங்கில், நம் ஆட்களின் பலசரக்குக் கடையில் மிளகாய்த்தூள் எடுத்துக்கொண்டு நின்றபோது ஓர் அன்ரி என் தோளைத் தொட்டார். முன்பின் தெரியாதவர். நான் டொக்டராகிவிட்டேன் என்று கடைக்காரர் சொல்லியிருக்க வேண்டும்.

"பிள்ளை, என்ர மகள் யூனியில முதலாம் வருஷம். மெடிசின்தான் செய்வன் எண்டு நிக்கிறாள். இப்பவே என்னென்ன தொடங்க வேணும்?" என்று கேட்டுவிட்டு, கைப்பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்து நீட்டினார். "இதை எல்லாப் பிள்ளையளும் வச்சிருக்கினமாம். சரியோ எண்டு ஒருக்காப் பாருங்கோ."

பிரதிக்குப் பிரதி எடுத்து எழுத்து மங்கிய தாள்கள். மேலே பெயர் எதுவும் இல்லை. ஆனால் முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் எழுதியவை. நாலாவது பக்கத்தில் நீ இருந்தாய்.

அந்தப் பக்கத்தை மட்டும் தரச் சொல்லிக் கேட்டேன். "ஏன் பிள்ளை, அதுதான் திறமான பதிலாம்" என்றார். "திறம்தான் அன்ரி. ஆனா அது என்ர கதை இல்லை" என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். மிளகாய்த்தூளை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வந்ததிலிருந்து உன்னோடு கதைக்க வேண்டும் போல இருக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் மருத்துவம் கிடைக்காத இரண்டு பேர் நாங்கள். முதலில் பயோமெடிசின் படித்துவிட்டு, மூன்றாம் வருஷத்தில் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று சேர்ந்தோம். நீ கிரான்பர்னில் ரயில் ஏறுவாய். நான் டண்டினொங்கில் ஏறும்போது பக்கத்து இருக்கையில் உன் பை எனக்காக இடம் பிடித்திருக்கும்.

முதல் மாதத்தில் ஒரு கூட்டத்துக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனேன். விண்ணப்பத்தை மூன்றாம் வருஷத்தில் எழுதத் தொடங்கினால் பிந்திவிடும், இன்றைக்கே கட்டத் தொடங்குங்கள் என்று அங்கே ஒருவர் பேசினார். நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். திரும்பி வரும் ரயிலில் ஒரு பட்டியல் போட்டேன்: புள்ளிச் சராசரி, நுழைவுப் பரீட்சை, தொண்டர் வேலை, ஆய்வுகூடம், மாணவர் சங்கத்தில் ஒரு பொறுப்பு. எதை எந்த மாதம் தொடங்குவது என்பதையும் எழுதினேன். நீ வாங்கி வாசித்துவிட்டு, "இதில நித்திரை எந்த மாசம் வருது?" என்று கேட்டாய்.

தொண்டர் வேலைக்கென்று டண்டினொங்கில் ஒரு முதியோர் இல்லத்தைத் தேடிப் பிடித்ததும் நான்தான். சனிக்கிழமை காலைகளில் போனோம். தேநீர் கொடுப்பது, பேப்பர் வாசித்துக் காட்டுவது, மதியச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் இருப்பது. மூன்றாம் மாதமே நான் பொறுப்பாளரிடம் சான்றுக் கடிதம் கேட்டுவிட்டேன். உனக்கு அந்தக் கடிதம் ஞாபகமே வரவில்லை. யாருக்குச் சீனி ஒரு கரண்டி, யாருக்கு இரண்டு என்பது உனக்குத் தெரிந்திருந்தது.

அங்கே ஒரு கிரேக்கப் பாட்டி இருந்தார். மறதி நோயில் ஆங்கிலம் முழுக்கப் போய், சிறுவயது மொழி மட்டும் மிஞ்சியிருந்தது. மதியச் சாப்பாட்டைத் தள்ளிவிடுவார். விழுங்கக் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்து எல்லாவற்றையும் மசித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அதையும் தள்ளினார். ஆள் மெலிந்துகொண்டே போனார்.

ஒரு சனிக்கிழமை நான் போகவில்லை. திங்கட்கிழமை இரசாயனவியல் பரீட்சை இருந்தது. உனக்கும்தான் இருந்தது. நீ போனாய். திங்கள் காலை ரயிலில், நான் சூத்திரங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்க, நீ சொன்னாய்:

"அவ சாப்பாட்டை வேண்டாம் எண்டு தள்ளேல்லையடி. முன்னால இருக்கிற கதிரைக்குத் தள்ளினவ. அதில ஒருத்தரும் இல்லை. அவ்வளவுதான்."

நீ அந்தக் கதிரையில் போய் இருந்திருக்கிறாய். சமையலறையில் கேட்டு இன்னொரு தட்டு வாங்கி உனக்கு முன்னால் வைத்திருக்கிறாய். நீ ஒரு வாய் வைக்கும்வரை அவர் உன்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். பிறகு தன் தட்டை இழுத்துச் சாப்பிடத் தொடங்கினாராம். தனியாகச் சாப்பிட்டுப் பழகாத மனுசி.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்கு ஞாபகம் இருந்திருக்கும். "இதை எழுதி வை, இன்டர்வியூவுக்கு உதவும்" என்றேன். நீ இறங்கும்வரை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய்.

இரண்டாம் வருஷத்தில் உன் அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் டயலிசிஸ் தொடங்கியது. அப்பா இல்லாத வீடு. கூட்டிப் போவதும் கூட்டி வருவதும் நீ. விரிவுரைகளைக் காத்திருக்கும் அறையில் போனில் பார்த்தாய். புள்ளிகள் இறங்கின. நிலைமையைச் சொல்லிச் சலுகை கேட்கலாம் என்று நான் படிவம் கொண்டுவந்து தந்தேன். நீ நிரப்பினாய், ஆனால் கடைசி நாள் கடந்துபோன பிறகு. உன் அம்மாவுக்கு அந்த வாரம் காய்ச்சல்.

மூன்றாம் வருஷம் இரண்டு பேரும் பரீட்சை எழுதினோம், விண்ணப்பித்தோம். சிட்னியில் ஒரு மருத்துவக் கல்லூரி என்னை நேர்முகத்துக்கு அழைத்தது. உன்னை எங்கும் அழைக்கவில்லை. அந்தச் செய்தி வந்த அடுத்த நாளே, "வா, பிராக்டிஸ் பண்ணுவம்" என்றாய். கிரான்பர்னில் உங்கள் வீட்டுக் குசினியில் போனில் நேரம் வைத்துக்கொண்டு நீ கேள்வி கேட்பாய். நான் பதில் சொல்வேன். உன் அம்மா பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டு இருப்பார். என் பதில்கள் எல்லாம் சப்பென்று இருந்தன. எனக்கே தெரிந்தது.

"நீ உன்னைப் பற்றியே கதைக்கிறாய்," என்றாய். "நீ பார்த்த ஆளைப் பற்றிச் சொல்லு."

நேர்முக நாளில், மற்றவர்கள் கவனிக்காத ஒன்றை நீங்கள் கவனித்த சந்தர்ப்பம் ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. மூன்று வருஷச் சனிக்கிழமைகள், ஒன்றும் இருக்கவில்லை. வாயைத் திறந்தேன். அந்தக் கிரேக்கப் பாட்டி வந்தார். "நான் அந்தக் கதிரையில் போய் இருந்தேன்" என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

இடம் கிடைத்தது. உன் அம்மா டயலிசிஸ் இல்லாத நாள் பார்த்து மட்டன் ரோல்ஸ் செய்தார். நீ என்னைக் கட்டிப்பிடித்து அழுதாய். "என்ன கேள்வி வந்தது?" என்று கேட்டாய். "ஞாபகமில்லை" என்றேன்.

நான் சிட்னிக்குப் போனேன். நீ இரண்டு வருஷத் தாதிப் படிப்பில் சேர்ந்தாய். முதல் வருஷம் முடிவதற்குள், மெல்பேர்னில் பின்னால் வரும் பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று ஒரு வழிகாட்டி எழுதி அனுப்பினேன். முதலாம் வருஷத்திலிருந்து என்ன செய்ய வேண்டும், நேர்முகத்தில் எப்படிச் சொல்ல வேண்டும் என்றெல்லாம். நாலாவது பக்கத்தில் மாதிரிப் பதிலாக அந்தக் கதிரை. எத்தனை பேருடைய கைக்குப் போகும் என்று நான் யோசிக்கவே இல்லை.

அதற்கு அடுத்த வருஷ விடுமுறையில் வந்தபோது, உங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் குளக்கரையில் நடந்துகொண்டிருந்தோம். நேர்முகத்தில் என்ன சொன்னேன் என்று அன்றைக்குத்தான் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் நீ, "தெரியும்" என்றாய்.

"எப்பிடி?"

"உன்ர நோட்ஸ். எங்கட தெருப் பிள்ளை ஒண்டு கொண்டுவந்து காட்டினது. ஒரு வருஷமாத் தெரியும்."

"ஏன் கேக்கேல்லை?"

"நீயாச் சொல்லுவாய் எண்டு பார்த்தனான்."

கோபமா என்று கேட்டேன். இல்லை என்று சொல்வாய் என நினைத்தேன். நீ யாரையும் நோகடிக்காதவள்.

"ஓம்," என்றாய். "உனக்கு இடம் கிடைச்சதுக்கு இல்லை. எனக்கு எப்பிடியும் கிடைச்சிருக்காது. அவ என்னோட சாப்பிட்டவ. அதை ஏன் நீ எடுத்தனி?"

வாத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு நீ, "அம்மா தேத்தண்ணி ஊத்தி வச்சிருப்பா, வா" என்றாய். போனோம். குடித்தோம். மன்னித்துவிட்டேன் என்று நீ சொல்லவில்லை. அதற்குப் பிறகும் செய்தி அனுப்புவாய், உன் வார்டில் நடந்த பகிடிகளைச் சொல்லுவாய், என் பரீட்சைகளை விசாரிப்பாய். கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகிக்கொண்டு வருகிறது என்று நான் நம்பினேன். எங்களுக்கு நிறைய நாள் இருக்கிறது என்றும் நம்பினேன்.

நீ ஒரு நாட்டுப்புற ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. விடியப் பனிமூட்டத்தில் வேலைக்குப் போகும் வழியில், எதிரே வந்த வாகனம். எனக்குப் போன் எடுத்தது உன் அம்மாதான். "பிள்ளை, அவள் போயிட்டாள்" என்றார். எங்கே போனாள் என்று கேட்டேன். மூன்றாம் வருஷ மருத்துவ மாணவி, அப்படித்தான் கேட்டேன்.

முப்பத்தொன்றாம் நாள் சாப்பாட்டுக்கு மண்டபத்தில் எல்லாரும் கூடியிருந்தபோது, உன்னைப் பற்றி ஏதாவது சொல்லும்படி உன் அம்மா என்னைக் கேட்டார். நான் எழுதிக்கொண்டு போனதை வாசிக்கவில்லை. அந்தக் கிரேக்கப் பாட்டியைப் பற்றிச் சொன்னேன். அந்தக் கதிரையில் இருந்தது யார் என்றும், என்னுடையது என்று சொல்லி இடம் வாங்கியது யார் என்றும் சொன்னேன். என் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அந்தத் தாள்களைப் படித்து நேர்முகத்துக்குப் போன இரண்டு மூன்று பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். என்னைப் பார்க்கவில்லை.

மேடையிலிருந்து இறங்கி வந்தபோது உன் அம்மா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினார். அடிப்பார் என்றுகூட நினைத்தேன்.

"அவள் எனக்கு இதைச் சொல்லவே இல்லை, பிள்ளை," என்றார். "இன்னொருக்காச் சொல்லு."

சொன்னேன். இந்த முறை உன் பெயரைச் சொல்லி, முதலிலிருந்து.

இப்போது நான் மெல்பேர்னுக்குத் திரும்பிவிட்டேன், ஆஸ்பத்திரியில் முதல் வருஷம். லீவு நாளில் உன் அம்மாவை டயலிசிஸுக்குக் கூட்டிப் போகிறேன். உனக்குப் பதிலாக அல்ல. அப்படி நினைக்க எனக்கு உரிமை இல்லை. கார் ஓட ஆள் வேண்டும், அதற்குத்தான். உன் 'ஓம்' என்னோடு இருக்கிறது. அதை இல்லையென்று மாற்றிக்கொள்ள எனக்கு இனி வழியும் இல்லை. நோயாளிகளின் கதையைக் குறிப்பெழுதும்போது, யார் பார்த்தது, யார் சொன்னது என்று இரண்டு முறை சரிபார்க்கிறேன். கூட வேலை செய்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கிறது.

இயந்திரத்தோடு கையை இணைத்துவிட்டு நேர்ஸ் போனதும், உன் அம்மா கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கதையைக் கேட்பார். ஒவ்வொரு முறையும் புதிதாக ஏதாவது வேண்டும் அவருக்கு. அண்டைக்கு என்ன சாப்பாடு? அவள் என்ன உடுப்புப் போட்டிருந்தவள்? அந்த மனுசி சாப்பிட்டு முடிய அவளைப் பார்த்துச் சிரிச்சவவோ?

"தெரியாது அன்ரி," என்கிறேன். "நான் அண்டைக்கு அங்க இல்லை."