லாயத்தின் நடுச்சுவர்

அன்புள்ள அப்பாவுக்கு, வேணியின் வணக்கம். மண்ணச்சநல்லூரில் மழை உண்டா? முழங்கால் வலி தேவலையா? எனக்கு இங்கே நியூசிலாந்தில் ஒரு குறையும் இல்லை.

நான் கட்டட வரைபடம் போட்டுக் கொடுத்த முதல் குதிரை லாயம் கட்டி முடிந்துவிட்டதப்பா! கிரகப்பிரவேசத்தில் பசு நுழைவதுபோல் குதிரையை முதலில் நுழையவிட்டு, பாலும் காய்ச்சினேன். ஆனால் ஆளுக்கொரு தனி அறை என்ற நம் வீட்டு ஆசையில் நடுச்சுவர்களைக் கூரைவரை எழுப்பியிருந்தேன். குதிரைகள் புல்லைத் தொடவே இல்லை.

"பக்கத்துக் குதிரை முகம் தெரியாம இதுங்க சாப்பிடாதும்மா" என்று பண்ணைக்காரம்மா ஹெலன் சிரித்தார். சுவரைக் கழுத்தளவுக்கு இறக்கினோம். மூக்கோடு மூக்கு உரசிவிட்டுத் தொட்டியைக் காலிசெய்தன!

அம்மாவிடம் சொல்லி சாம்பார்ப்பொடி அனுப்புங்கள். ஹெலன் ஹாரன் அடிக்கிறார், முடிக்கிறேன். ஒன்று மட்டும்: நீங்கள் மதியம் சாப்பிடும்போதுதான் எனக்கு இரவுச் சாப்பாடு. அப்போது வீடியோ காலில் வாருங்கள். பேச வேண்டாம்ப்பா, போனைத் தட்டுக்கு எதிரே சாய்த்து வைத்தால் போதும்.

வேணி