நிற்கட்டும் என்றவளுக்கு

இன்று காலை நம் திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் எல்லாத் திரைகளும் ஒரே நேரத்தில் உறைந்து நின்றன. சர்வருக்குப் போகும் கேபிள் எங்கோ கழன்றுவிட்டது. ஒருவர் கணினியை அணைக்கக் கை நீட்டியதும் நம் மேனேஜர் குறுக்கே போய் நின்றார். "தொடாதீங்க, அது காத்துகினு கீது" என்றார். பத்திரிகைத் தமிழ் பேசுகிற அந்த மனிதர் வாயில் உன் வார்த்தை! எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. கேபிளைச் சொருகிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

கேட்டுக்குள் வரும் ஒவ்வொரு கன்டெய்னரையும் படம் எடுப்பார்கள் அல்லவா? எங்கே நசுங்கல், எங்கே ஓட்டை என்பதற்கு அதுதான் சாட்சி. படம் இல்லையென்றால் பழி யார்டின் தலையில். அப்போதெல்லாம் அந்தப் படங்கள் பென்டிரைவில் ஏறி, யாரோ ஒருவரின் சட்டைப்பையில் அலுவலகம் வந்து சேரும். சில நாள் சேராமலும் போகும். எல்லாவற்றையும் ஒரே சர்வரில் வைத்து, லினக்ஸ் கணினிகள் அதைச் சொந்தக் கோப்புறை போலத் திறக்கும்படி செய்கிறோம் என்று நாம் இருவரும் சொன்னோம். மேனேஜர் அரை மனதாகச் சம்மதித்தார். ஒரு படம் தொலைந்தாலும் வேலையை வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துவிடுவேன், உங்களுக்கு இங்கே இடமில்லை என்றும் சொல்லிவைத்தார்.

கணினியைச் சர்வரோடு இணைக்கும் அந்த ஒரு வரியில்தான் நமக்குள் முட்டிக்கொண்டது. சர்வர் பதில் சொல்லாவிட்டால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கைவிடும்படியும் எழுதலாம், வரும்வரை விடாமல் காத்திருக்கும்படியும் எழுதலாம். திரை உறைந்தால் ஆட்கள் நம்மைக் கிழித்துவிடுவார்கள், கைவிடட்டும் என்றேன். நீ கீபோர்டை உன் பக்கம் இழுத்துக்கொண்டாய்.

"நிக்கட்டும்டி. பாதி எழுதிட்டு முழுசா எழுதிட்டேன்னு டபாய்க்கறதுக்கு, நின்னுகினு கீறது எவ்ளோ மேலு."

உன் பிடிவாதம் உன் பேட்டையான புளியந்தோப்பே அறிந்தது. விட்டுக்கொடுத்தேன். ஆனால் கோபத்தில் டீக்கடைக்குத் தனியாகப் போய் வந்துகொண்டிருந்தேன்.

எண்ணூர் சாலையில் டிரெய்லர்கள் வரிசைகட்டி நின்ற ஒரு மத்தியானம், சர்வர் அறையின் யு.பி.எஸ். படுத்துக்கொண்டது. கேட் கேமரா எடுத்த படங்கள் அப்போதுதான் சர்வரில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தன. எல்லாம் பாதியில் நின்றன. அத்தனை கணினிகளையும் அணைத்துப் போடச் சொல்லி மேனேஜர் கத்தினார். அணைத்தால், கணினியின் நினைவகத்தில் காத்துக்கொண்டிருக்கும் அந்தப் படங்கள் போய்விடும், அவற்றோடு நம் வேலையும். நீ சுவிட்ச் போர்டை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றாய்.

"யாரும் தொடக்கூடாது சார். அது காத்துகினு கீது. இவ போய் சர்வர எழுப்பட்டும்."

வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே ஓடினேன். சர்வரின் பிளக்கைப் பிடுங்கி வேறு லைனில் மாட்டினேன். சர்வர் மெதுவாகக் கண் விழித்தது. நான் மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது கேட் திரையில் படங்கள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. விட்ட இடத்திலிருந்தே, ஒன்றுமே நடக்காதது போல. கேட் ஆட்களோடு உட்கார்ந்து சரிபார்த்தோம். ஒரு படம்கூடத் தொலையவில்லை.

யாரோ விசில் அடித்தார்கள். மேனேஜர் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கி வரச் சொன்னார். நீ என் காதருகே வந்து, "இன்னாடி, இப்பவாச்சும் என்னோட டீ குடிப்பியா?" என்று கேட்டாய். அன்று மாலை தேரடி வரைக்கும் ஸ்கூட்டியில் காரணமில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டே போனாய். பின்னால் உட்கார்ந்திருந்த நானும் வெட்கமில்லாமல் கத்திக்கொண்டே வந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

நீ கண்ணை மூடிய பிறகு ஆடிட்டுக்கு வந்தவர்கள், சர்வரிலிருந்து உன் கணக்கை நீக்கச் சொன்னார்கள். நீக்கினால், நீ உருவாக்கிய அந்தப் படக் கோப்புறையில் உரிமையாளர் என்ற இடத்தில் உன் பெயர் போய் வெறும் எண் நிற்கும். முடியாது என்றேன். யாரும் நுழைய முடியாதபடி கடவுச்சொல்லை மட்டும் பூட்டினேன். மேனேஜரும் என் பக்கம் நின்றார்.

போன வாரம் எண்ணூரில் நம் இரண்டாவது யார்டு திறந்தது. அங்கேயும் காத்திருக்கச் சொல்லும் வரியைத்தான் எழுதினேன். இந்த முறை யாரும் என்னோடு சண்டை போடவில்லை, அதுதான் குறை. புதுக் கணினியில் முதல் கணக்காக உன் பெயரைச் சேர்த்தேன். என்னுடையது அதற்கு அடுத்தது.